மாடிஃபை பண்ண கார எந்த ரேஸ் கிளாஸ்ல இறக்கறது? புதுசா வர்றவங்களுக்காக

நிறைய பேர் ஆசைப்பட்டதெல்லாம் வண்டில மாட்டி முடிச்சிட்டு அப்புறம்தான் எந்த கிளாஸ்ல, அதாவது போட்டில எந்த பிரிவுல, ஓட்டலாம்னு தேடுறாங்க, அப்ப பாத்தா ஒரே ஒரு பார்ட்டால அசல் ரேஸ் கார்ங்களோட போய் மோத வேண்டி வருது. அதனால வேலைய இந்த வரிசைல பண்ணுங்க.

முதல்ல ஒரு நோட்டோட வண்டிய சுத்தி வாங்க. கம்பெனில இருந்து வந்தப்ப இல்லாதது எல்லாத்தையும் எழுதுங்க. ஸ்பிரிங், ஷாக், வீல் அகலம், இன்டேக், எக்ஸாஸ்ட், ஈசியூ (இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) ட்யூன், எல்லாமே. கழட்டினதும் கணக்குதான், எடை குறைக்கறேன்னு பின் சீட்ட தூக்கியிருந்தா அதையும் எழுதணும். செகண்ட் ஹேண்ட் வண்டின்னா முன்னாடி வச்சிருந்தவர் என்ன மாத்தினார்னு கீழ படுத்து பாத்துருங்க.

அடுத்தது டயர். சைடுவால்ல ட்ரெட்வேர்னு போட்டு பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், 300, 200, 100 இப்படி. நம்பர் குறைய குறைய கிரிப் ஜாஸ்தி, சீக்கிரம் தேஞ்சும் போகும். அமெரிக்காவோட எஸ்சிசிஏங்கற கார் கிளப் நடத்தற ஆட்டோகிராஸ்ல (கோன் வச்ச பாதைல நேரம் பாத்து ஓட்டற போட்டி) ஸ்ட்ரீட், ஸ்ட்ரீட் டூரிங்னு இருக்கற ரெண்டு கிளாஸுக்கும் 200க்கு கீழ இருக்கக்கூடாது. ஆனா டயர எப்ப வேணா மாத்திக்கலாம், அதுக்காக கிளாஸ முடிவு பண்ணாதீங்க.

இப்ப ரூல் புக்க எடுங்க. இதுல ஒண்ண மனசுல நல்லா பதிய வச்சுக்கணும், ஒரு மாற்றம் செய்யலாம்னு எழுதியிருந்தாதான் செய்யலாம், எழுதாம விட்டிருந்தா கூடாதுன்னு அர்த்தம். உங்க லிஸ்ட்ல இருக்கறதுலயே பெரிய மாற்றத்துல இருந்து ஆரம்பிங்க. உதாரணத்துக்கு எஸ்சிசிஏவோட ஸ்ட்ரீட்ல ஷாக் மாத்தலாம், ஸ்பிரிங் மாத்தக்கூடாது. அதாவது வண்டி தாழ்வா அழகா நிக்கட்டும்னு ஸ்பிரிங் போட்டிருந்தா, மத்தது எல்லாம் கம்பெனில வந்தபடியே இருந்தாலும் ஸ்ட்ரீட் டூரிங்குக்கோ அதுக்கு மேலயோ போய்தான் ஆகணும். வெளில இருந்து டர்போ சேத்திருந்தா அதுவும் பத்தாது, ஸ்ட்ரீட் மாடிஃபைடு மாதிரி கிளாஸ்தான்.

சில இடத்துல பார்ட்ட பாக்க மாட்டாங்க, எடைய பவரால வகுத்து பாப்பாங்க. டிரைவரோட சேத்து 1200 கிலோ, 150 குதிரைத்திறன்னா ஒரு குதிரைத்திறனுக்கு 8 கிலோ. கிளாஸ் லிமிட்டும் குறைஞ்சது 8 இருக்கணும்னு வைங்க, நீங்க ட்யூன் பண்ணி 170 ஆக்கிட்டா 1360 கிலோ காட்டணும், 160 கிலோ பேலாஸ்ட்ட (எடைக்காக சேக்கற பாரம்) தூக்கிக்கிட்டு வளைவுல திரும்பறது எப்படி இருக்கும்னு யோசிங்க! அந்த ட்யூன் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

சிசி வச்சு பிரிக்கற போட்டின்னா, டர்போ வண்டியோட சிசிய எத்தனையால பெருக்குவாங்கன்னு பாருங்க. உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவோட ரூல்ல பெட்ரோல் டர்போக்கு 1.7, அப்போ 998 சிசி இன்ஜின் கிட்டத்தட்ட 1697 சிசியா கணக்காகும்.

கிளாஸ் ஓரளவு தெரிஞ்சதும் அந்த லிஸ்ட்ட அப்படியே போட்டி நடத்தறவங்களோட டெக் டீமுக்கு (வண்டிய பரிசோதிக்கறவங்க) மெயில் போடுங்க. வாய்ல சொன்னத நம்பி செலவு பண்ணாதீங்க, பதில பிரிண்ட் எடுத்து வண்டிலயே வைங்க, ரூல் வருஷா வருஷம் மாறும்ங்கறதால இந்த வருஷ புக்கான்னும் பாத்துக்கங்க. ஒண்ணு ரெண்டு பார்ட்ட பழையபடி மாட்டினா கீழ் கிளாஸ்ல ஓட்டலாம்னு வந்தா தயங்காம மாட்டிருங்க, அதுக்குதான் கழட்டின ஒரிஜினல் பார்ட் எதையும் வித்துராதீங்கன்னு சொல்றது.