வாசற்படியிலேயே தப்பும் கணக்கு: புள்ளிவிவரம் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்டின் புள்ளிவிவர அமைப்பைப் பலப்படுத்த வேண்டும் என்றதும் டேப்லெட், சர்வர், டேஷ்போர்டு என்றுதான் பேச்சு ஓடுகிறது. 2030க்குள் எட்ட வேண்டிய 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க இவையும் வேண்டும்தான். ஆனால் கணக்கு முதலில் கெடுவது வீட்டு வாசலில்.

திருப்பூரில் ஒரு லைன் வீட்டில், "வேலைக்குப் போறீங்களாக்கா?" என்று கேட்டால், "இல்லீங்க, சும்மா ஊட்லதானுங்க இருக்கறேன்" என்று பதில் வரும். சொல்லும்போதே மடியில் பனியன், கையில் கட்டர்; பிசிறு விழுந்துகொண்டிருக்கும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. தேசிய தொழிலாளர் கணக்கெடுப்பின் வார நிலவரக் கணக்கில், கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். பீஸ் ரேட்டுக்கு வீட்டிலிருந்து செய்பவர் சுயதொழில் கணக்கில் வர வேண்டும். அவர் சொன்னதை அப்படியே 'வீட்டு வேலை மட்டும்' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால், பாலின சமத்துவம், கண்ணியமான வேலை என்ற இரண்டு இலக்குகளின் எண்ணும் அங்கேயே பிசகுகிறது. தொழிலின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: பிசிறு வெட்டினீங்களா, தறிக்கு நூல் தார் சுத்துனீங்களா, சொசைட்டிக்குப் பால் ஊத்துறீங்களா?

அடுத்தது பயம். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனில் போய் "எத்தனை தறி ஓடுதுங்க?" என்றால், வரி போட வந்தவரோ என்ற சந்தேகத்தில் நான்கைக் குறைத்துச் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி திரட்டும் தனித்தகவலைப் புள்ளிவிவர வேலைக்குத்தான் பயன்படுத்தலாம். இதை யாரும் அவர்களிடம் சொல்வதே இல்லை. முதல் கேள்விக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

ஆண்டுதோறும் நடக்கும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பை மட்டும் வைத்துக் கொங்குத் தொழிலை எடைபோடுவதும் தவறு. இத்தனை ஆளாவது வேலை செய்ய வேண்டும் என்ற சட்ட வரம்புக்குக் கீழே இருக்கும் சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் அதில் வராது.

எங்கெங்கே போய்க் கேட்பது என்று முடிவு செய்யப் பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது; திருப்பூர் தனி மாவட்டமாகி அப்போது இரண்டு ஆண்டுதான். அதற்குப் பின் பீகார், ஒடிசாவிலிருந்து வந்து தங்கியவர்கள் எத்தனை பேர்! அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி, அதாவது எந்த நாள் நிலவரப்படி தலைகளை எண்ணுவது என்ற நாள், 2027 மார்ச் 1. பகல் 11 மணிக்குப் போனால் ஷிப்டுக்குப் போனவர்களின் அறைகளில் பூட்டுதான் தொங்கும். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் போக ஆள் வேண்டும். அந்தச் செலவில் கஞ்சம் பிடிக்கக் கூடாது.

சராசரியை நம்பி உட்கார்ந்துவிடுவதும் உண்டு. 2025 ஜனவரி முதல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகளில் மாவட்டமே அடிப்படை அலகு. நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஈரோடு மாவட்டத்தின் சராசரிக்குள் பர்கூர் மலையும் கடம்பூர் மலையும் கரைந்துவிடும். கிராமம் வரை தெரிய வேண்டுமானால் எந்த வயலில் என்ன பயிர் என்று விஏஓ எழுதும் அடங்கல் போன்ற பதிவுகள்தான் கை கொடுக்கும், போன வருடப் பயிரையே பார்த்து எழுதாமல் வயலுக்குப் போய் எழுதினால். இலக்கை எட்ட வேண்டிய துறையே தன் எண்ணைத் தானே நிரப்பிக்கொள்ளவும் விடக் கூடாது. அடங்கலின் மொத்தத்தைக் கிராம சபையில் வாசித்துப் பாருங்கள், "நம்மூர்ல இத்தனை ஏக்கரா மஞ்சள் ஏதுங்க?" என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறது.