ஒருங்கிணைந்த பண்ணை: கணக்கு தப்பும் இடங்கள்

பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் "எதையும் வீணாக்காத பண்ணை" அமைக்கும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. மாடு, சாணத்தில் எரிவாயு, அதன் கழிவில் எரு, எருவில் தீவனமும் காய்கறியும், வெயிலில் ஓடும் மோட்டார், மூலையில் ஒரு பண்ணைக்குட்டை. தாளில் வரைந்தால் அம்புக்குறிகள் அழகாக வட்டமடிக்கும். ஆனால் ஒவ்வொரு அம்புக்குறியிலும் எத்தனை கிலோ, எத்தனை லிட்டர் போகிறது என்று எழுதிப் பார்ப்பவர்கள் குறைவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 800 முதல் 900 மில்லிமீட்டர்; அடியில் கெட்டிப் பாறை. ஆகவே இங்கே முதல் கணக்கு தண்ணீர்க் கணக்கு. சாணமும் மின்சாரமும் அதற்கப்புறம்தான்.

மானியம் வந்த வரிசையில் பண்ணை அமைப்பது

பெரும்பாலான கோளாறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. குட்டைக்கு மானியம் என்றால் குட்டை வெட்டுவது, சோலார் பம்புக்கு என்றால் பம்பு வாங்குவது, எரிவாயுக் கலனுக்கு என்றால் காலியாக இருக்கும் இடத்தில் கலன் கட்டுவது. வாங்குவதில் தப்பில்லை, வைக்கும் இடம்தான் தப்பு. நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் ஊற்ற வேண்டும். அப்படியானால் தினமும் ஏறக்குறைய 100 கிலோ குழம்பு வெளியே வரும். கொட்டகை மேட்டிலும், கலன் அதற்குக் கீழும், தோட்டம் அதற்கும் கீழும் இருந்தால் வாய்க்காலில் தானாக இறங்கிவிடும். தலைகீழாக அமைந்துவிட்டால் பக்கெட்டில்தான் சுமக்க வேண்டும். வீட்டில் அந்தப் பக்கெட்டைத் தூக்குவது யார் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எரிவாயுவுக்காக மாடு வாங்குவது

ஏற்கெனவே மாடு வைத்திருப்பவருக்கு எரிவாயு நல்ல லாபம். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். தினமும் 2 கன மீட்டர் கிடைத்தால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று பதினாறு, பதினேழு நாளில் மிச்சம். மாடு ஒன்றுக்கு நாளுக்கு 10 கிலோ சாணம் என்று வைத்தால் ஐந்து மாடு போதும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்து கிலோ கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்குத்தான். ஆலம்பாடி நாட்டு மாடோ, பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போகும் வேறு மாடோ, பாதிச் சாணத்தைக் காட்டிலேயே போட்டுவிட்டு வரும்.

சாணம் போதவில்லை என்று கலப்பின மாடுகளை வாங்கிக் கட்டுகிறார்கள். அவற்றுக்குப் பச்சைப் புல் வேண்டும். நேப்பியர் போடுகிறார்கள். அது தண்ணீர் குடிக்கும் பயிர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றாலும் பத்து சென்ட் புல்லுக்கு 2,000 லிட்டர். 800 அடி ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் தூக்க, இழப்பே இல்லாத மோட்டாருக்கும் 0.66 யூனிட் தேவை; நடப்பில் ஒன்றரை யூனிட் வரை போகும். பத்து சென்டுக்கே மூன்று யூனிட். ஐந்து மாட்டுக்கு அந்தப் பத்து சென்ட் எந்த மூலைக்கு? விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்தச் செலவு கண்ணில் படுவதில்லை. சிலிண்டரில் மிச்சம் பிடித்ததைப் போர்க்குழியில் கொட்டுகிறோம்.

மானாவாரியில் கேழ்வரகு, சாமை, மொச்சை, தீவனச்சோளம் போட்டால் வீட்டுக்குத் தானியமும் மாட்டுக்குத் தட்டும் சேர்ந்தே வரும். அந்தத் தட்டை வைத்து எத்தனை மாட்டை வளர்க்க முடியுமோ அத்தனை மாடு. அந்தச் சாணத்துக்கு ஏற்ற கலன். ஒரு கன மீட்டர்தான் வருமென்றால் அதையே கட்டுங்கள். பெரிய கலனைப் பாதிப் பட்டினி போடுவதில் பெருமை ஒன்றுமில்லை.

சாணம் கரைக்கும் தண்ணீருக்காகப் போரை ஓட்ட வேண்டாம். கொட்டகை கழுவிய நீர் போதும், பினாயில் கலக்காதவரை.

கலனைக் குப்பைத்தொட்டி ஆக்குவது

மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைகளில் தோலும் கொட்டையும் மலையாகக் குவியும். விலை விழுந்த நாளில் பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி சாலையோரம் கொட்டப்படுவதையும் பார்க்கிறோம். உடனே "அத்தனையும் கலனில் போடலாமே" என்கிறார்கள். போடலாம், ஆனால் ஒரே நாளில் கூடாது. பழத்தின் சர்க்கரை வேகமாகப் புளித்து அமிலமாகும்; மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அமிலம் ஏறினால் அவை வேலையை நிறுத்திவிடும். வாயு வரும், பற்றவைத்தால் எரியாது. குழம்பில் புளித்த நாற்றம் அடிக்கும். அப்போது சில நாள் எதுவும் போடாமல் நிறுத்தி, பிறகு சாணக் கரைசல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பழக்கழிவைச் சிறு அளவில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டுவதுதான் முறை. தக்காளியை அப்படியே மாட்டுக்குக் கொட்டுவதும் வேண்டாம், அதன் வயிற்றுக்குள்ளும் இதே கதைதான்.

மார்கழி, தையில் ஓசூர், தேன்கனிக்கோட்டைக் குளிரில் வாயு குறைவது இயல்பு. அந்த நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி வாக்கில்தான் சுறுசுறுப்பு. வாயு குறைகிறதே என்று கூடுதலாகத் தீனி போட்டால் மறுபடி புளிப்புதான். காலையில் கரைத்து வெயிலில் வைத்து, மதியம் வெதுவெதுப்பாக ஊற்றுங்கள்.

பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. புழு வளர்க்கும் மனையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தண்ணீரைக் கலன் பக்கம் விடவே கூடாது. நோய்க்கிருமியைக் கொல்வதற்கென்றே போட்ட மருந்து, கலனில் இருக்கும் உயிர்களை மட்டும் விட்டுவைக்குமா? நோய் வந்த புழுவையும் படுக்கைக் கழிவையும் பச்சையாக மல்பெரிக்கு எருவாகப் போட்டால் இலையோடு நோய் மனைக்குத் திரும்பும். செத்த புழுவைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். நோயில்லாத கழிவை மட்டும் குழியில் நன்றாக மக்கவிட்டுப் பயன்படுத்தலாம்.

வெளிவரும் குழம்பை வெயிலில் காயவைப்பது இன்னொரு பழக்கம். தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். மாவிலை, தக்காளிச் செடித் தட்டு போட்ட எருக்குழியில் ஊற்றுங்கள், அல்லது பாசன வாய்க்காலில் கலந்துவிடுங்கள். சொட்டுநீர்க் குழாயில் மட்டும் வேண்டாம், துளை அடைத்துக்கொள்ளும்.

குட்டையும் போரும்

ஆழ்துளைக் கிணற்று நீரை ஏற்றித் திறந்த குட்டையில் தேக்குவதைப் பல இடங்களில் பார்க்கலாம். 20 மீட்டருக்கு 20 மீட்டர் குட்டையில் கோடையில் தினம் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 2,000 லிட்டர் போச்சு, அதுவும் 800 அடி தூக்கிய தண்ணீர். குட்டை மழைநீருக்கானது. செம்மண்ணில் ஷீட் விரிக்காத குட்டை கீழே இருக்கும் கிணற்றுக்கு நீர் கொடுக்கும். மீன் வளர்க்கவோ, வாடும் பயிரைக் காக்கும் உயிர்த் தண்ணீருக்குச் சேமிக்கவோ என்றால் மட்டும் ஷீட் போடுங்கள். மீன் இருக்கும் குட்டையில் சாணக் குழம்பை அளவில்லாமல் ஊற்றினால் உயிர்வளி குறையும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பதுதான் அடையாளம்.

ஓடுகிற மழைநீரை வடிகட்டாமல் போர்க்குழிக்குள் விடுவதும் ஆபத்து. கொட்டகை ஓரம் ஓடிவந்த நீர் என்றால் சாணக் கழிவும் நைட்ரேட்டும் நேரே குடிநீருக்குப் போகும்.

நம் பகுதியில் ஃபுளோரைடு வேறு இருக்கிறது. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ கருவி வைத்தால் அது கழித்துவிடும் நீரில் உப்பும் ஃபுளோரைடும் இன்னும் அதிகம். "வீணாக்கக் கூடாது" என்று அதைக் கீரைப் பாத்திக்கும் மாட்டுத் தொட்டிக்கும் திருப்புகிறார்கள். கழிப்பறைக்கு, தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான கூரையில் பிடித்த மழைநீரில் ஃபுளோரைடு அநேகமாக இராது. முதல் மழையைக் கழித்துவிட்டு மூடிய தொட்டியில் சேமித்தால் சமையலுக்கு உதவும்.

மோட்டார்

ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டு, மும்முனை மின்சாரம் வந்தபோதெல்லாம் தானாக ஓடட்டும் என்று தூங்கப்போவது ஊரெங்கும் உள்ள வழக்கம். பயிர் கேட்கும் நேரம் வேறு, கரண்ட் வரும் நேரம் வேறு. சோலார் பம்பிலும் இதே ஆபத்து உண்டு: வெயில் இருக்கிறது, செலவில்லை, ஓடட்டுமே. போர் மணிக்கு எவ்வளவு ஊறுகிறது என்று கோடையில் சோதித்த பிறகே பம்பின் குதிரைத்திறனை முடிவு செய்யுங்கள். தண்ணீர் இறைக்காத நேரத்தில் அதே சூரிய மின்சாரத்தில் தீவனம் நறுக்கும் இயந்திரத்தை ஓட்டவிடும் கன்ட்ரோலர்கள் உண்டு; வாங்கும்போதே கேட்டுப் பாருங்கள், பிற்பாடு மாற்றினால் தனிச் செலவு.