ஆயுதக் கடத்தலைத் தடுக்க எந்த சிஸ்டம்? மார்க் போட்டு பாக்கலாம் வாங்க

அணு ஆயுத பாகங்கள் கடல் வழியா போறத தடுக்கணும், கையில மூணு சாய்ஸ் இருக்குன்னு வைங்க: ரோந்து விமானம், நீண்ட நேரம் பறக்கிற ட்ரோன், சோதனைக் குழுவோட வர்ற போர்க்கப்பல். டிசிஷன் அனாலிசிஸ், அதாவது எத எடுக்கலாம்னு கணக்கு போட்டு முடிவு பண்ண, ஒரு எக்செல் ஷீட் போதும்.

மொதல்ல என்ன வேலை நடக்கணும்னு எழுதுங்க, மெஷின் பேர அப்புறம் பாத்துக்கலாம். எவ்ளோ பரப்ப பாக்குது, எவ்ளோ நேரம் அங்கயே நிக்குது, சந்தேகக் கப்பல்ல ஏறி சோதிக்க முடியுமா, இந்த மூணு போதும். விலைய இதுல கலக்காதீங்க, தனியா வைங்க.

அடுத்து மார்க். ஒவ்வொண்ணுலயும் மோசமானதுக்கு 0, பெஸ்டுக்கு 100. நம்பர் எல்லாம் சும்மா உதாரணத்துக்குதான்: பரப்புல விமானம் 100, ட்ரோன் 60, கப்பல் 0; நிக்கிறதுல ட்ரோன் 100, கப்பல் 80, விமானம் 0; ஏறி சோதிக்கிறதுல கப்பலுக்கு மட்டும் 100, மத்த ரெண்டும் 0.

இப்ப வெயிட், அதாவது எந்த மார்க்குக்கு எவ்ளோ மதிப்புன்னு; எல்லாரும் சறுக்குற எடம் இதுதான். "எது முக்கியம்?"னு கேட்டா சோதனைதான்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா மூணு சாய்ஸும் ஒரே மாதிரி சோதிக்கும்னா அதுக்கு வெயிட் 0தான், ஏன்னா அத வச்சு எதையும் பிரிக்க முடியாதுல்ல. அதனால 0லேருந்து 100க்கு தாவுனா எந்தத் தாவல் நமக்கு பெருசுன்னு கேளுங்க. சோதனைக்கு 0.5, பரப்புக்கு 0.3, நிக்கிறதுக்கு 0.2ன்னு வந்துச்சுன்னா, ஒவ்வொரு மார்க்கையும் அதோட வெயிட்டால பெருக்கிக் கூட்டுங்க: கப்பல் 66, ட்ரோன் 38, விமானம் 30.

உடனே கப்பல்தான்னு குதிக்காதீங்க. சோதனையோட வெயிட்ட கொறச்சிட்டே வாங்க, மத்த ரெண்டும் அதே 3:2ல இருக்கட்டும். கிட்டத்தட்ட 0.31க்கு கீழ போனா ட்ரோன் முந்திடுது. மீட்டிங்ல சண்ட போடணும்னா அந்த 0.31 மேல போடுங்க, 66 மேல இல்ல.

இன்னொரு ஓட்டை இருக்கு. இங்க மார்க்க கூட்டுறோம், ஆனா நெசத்துல கண்டுபிடிக்கிறது, அடையாளம் காண்றது, நிறுத்துறது எல்லாம் சங்கிலி, ஒவ்வொண்ணும் நடக்கிற வாய்ப்ப பெருக்கணும், உதாரணத்துக்கு 0.8 × 0.7 × 0.5 = 0.28. ஒண்ணு 0 ஆனா மொத்தமும் 0. 2003 அக்டோபர்ல லிபியாவுக்கு சென்ட்ரிஃப்யூஜ் (யுரேனியத்த செறிவூட்டுற மெஷின்) பாகங்கள ஏத்திட்டுப் போன 'பிபிசி சைனா'ங்கிற கப்பல இத்தாலியோட டாரன்டோவுக்கு திருப்பி விட்டு சோதிச்சாங்களே, அதுக்கு உளவுத் தகவல் முன்னாடியே கையில இருந்துச்சு. அதனால ஷீட்ட மறுபடி தொறந்து, தனித்தனி மெஷினுக்கு பதிலா "உளவு + ட்ரோன் + சின்ன கப்பல்" மாதிரி செட் செட்டா வரிசையில போட்டு, மார்க்க மொதல்லேருந்து போடுங்க.