கோபால்ட்டும் நிக்கலும் பிரிய மறுத்தால்

சல்ஃபேட் கரைசலிலிருந்து இந்த இரண்டையும் பிரிக்க முயல்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எக்ஸ்ட்ராக்டன்ட் அளவைக் கூட்டட்டுமா?" என்றுதான். எக்ஸ்ட்ராக்டன்ட் என்பது மண்ணெண்ணெயில் கரைத்து வைக்கும் பொருள், கலக்கும்போது நீரிலிருந்து உலோகத்தைத் தன் கரிம அடுக்குக்கு இழுக்கும். அதைக் கூட்டாதீர்கள். கோபால்ட் பிடித்தது போக மிச்சம் இடம் இருந்தால் நிக்கல்தான் வந்து உட்காரும். கோபால்ட்டுக்குப் போதுமான அளவு மட்டும் வையுங்கள். நிக்கல் தானாக நீருக்குத் தள்ளப்படும்.

டி2ஈஎச்பிஏ என்ற எக்ஸ்ட்ராக்டன்டை இந்த ஜோடிக்கு நான் எடுப்பதில்லை. ஒவ்வொரு உலோகமும் எந்த பிஎச்சில் பாதியளவு கரிம அடுக்குக்குப் போகிறது என்று பாருங்கள். டி2ஈஎச்பிஏவில் இரண்டுக்கும் இடைவெளி சுமார் அரை அலகு. சயனெக்ஸ் 272 என்ற இன்னொரு எக்ஸ்ட்ராக்டன்டில் ஒன்றரைக்கு மேல். இவை போன்ற ஈரிணைதிற (இரண்டு நேர்மின்சுமை உள்ள) அயனிக்கு பிஎச் ஓர் அலகு ஏறினால் பகிர்வு விகிதம், அதாவது கரிம அடுக்கில் உள்ளதற்கும் நீரில் உள்ளதற்கும் இடையிலான விகிதம், 100 மடங்காகும். கணக்குப் போட்டால், அரை அலகு தருவது 10 மடங்குப் பிரிவு, ஒன்றரை தருவது 1000 மடங்கு.

அடுத்தது பிஎச். எல்லாரும் கலக்கும் முன் அளந்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒவ்வொரு கோபால்ட் அயனியும் உள்ளே போகும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது, 5.5இல் தொடங்கினாலும் பிஎச் இறங்கிக்கொண்டே போகும், பாதி வழியில் வேலை நின்றுவிடும். ஆகவே குலுக்கி முடித்த பிறகு நீர் அடுக்கில் அளந்து பாருங்கள், எலக்ட்ரோடில் எண்ணெய்ப் படலம் இல்லாமல். குறைவதை ஈடுகட்ட, எக்ஸ்ட்ராக்டன்டில் பாதியை முன்கூட்டியே சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு சோடியம் உப்பாக மாற்றிக்கொள்வது என் வழக்கம். முழுவதையும் மாற்றினால் கரிம அடுக்கு கூழாகிவிடும். நீருக்கும் கரிமத்துக்கும் நடுவே மூன்றாவது அடுக்கு தலைகாட்டினால் டிரைபியூட்டைல் பாஸ்ஃபேட் 5% சேர்த்துப் பாருங்கள்.

இரும்பு இருந்தால் முதலிலேயே வீழ்படிவாக்கி வடிகட்டிவிடுங்கள். உள்ளே புகுந்த ஃபெரிக் இரும்பு லேசான அமிலத்துக்கு அசையாது, சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும்.

சூடு உதவும். 50 டிகிரி செல்சியஸ் அளவில் கோபால்ட் நான்முக அமைப்புக்கு எளிதாக மாறி இன்னும் நன்றாக ஏறுகிறது. நிக்கல் எண்முக அமைப்பை விட்டு நகர்வதில்லை. அடுக்குகளும் சீக்கிரம் பிரியும். மண்ணெண்ணெய் இருக்கிறது, வாட்டர் பாத் போதும், தீச்சுடர் வேண்டாம்.

அப்புறமும் கொஞ்சம் நிக்கல் ஒட்டியிருக்கும். நீர்த்த கோபால்ட் சல்ஃபேட்டால் கரிம அடுக்கைக் கழுவுங்கள். கோபால்ட் ஏறி நிக்கலை இறக்கிவிடும். கழுவிய நீரைக் கொட்ட வேண்டாம், மூலக் கரைசலோடு சேர்த்துவிடலாம். கடைசியில் கோபால்ட்டை நீருக்கு இறக்க நீர்த்த கந்தக அமிலம். கரிம அடுக்கில் நீலம் மிச்சமிருந்தால் இன்னொரு முறை இறக்குங்கள்.