ஐதரசனில் மோட்டார் சைக்கிள், ஐதரசனில் அடுப்பு: கணக்குத் தப்பும் இடங்கள்

பெற்றோல் விலை ஏறும்போதெல்லாம் தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள் வீடியோ ஒன்று யாழ்ப்பாணத்துக் கைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். 2022இல் எரிபொருள் வரிசையில் காய்ந்த சனத்துக்கு அந்த ஆசை வருவதில் பிழையில்லை. ஆனால் தண்ணீர் எரிபொருள் அல்ல, ஐதரசன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலைத் திரும்ப விறகாக்க, எரிந்தபோது வந்ததைவிடக் கூடுதலான சக்தியைக் கொடுக்க வேண்டும்.

அதனால் ஐதரசனைச் சக்தி மூலம் என்று எண்ணுவதே முதல் தவறு. அது பற்றரியைப் போல ஒரு சேமிப்பு. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் மின்பகுப்பால் 1 கிலோ ஐதரசன் எடுக்க 50 முதல் 55 யூனிற் மின்சாரம் போகும். கூரையில் 5 கிலோவாற்று சோலர் நாளுக்குச் சுமார் 20 யூனிற் தந்தால், அந்த ஒரு கிலோவுக்கு இரண்டரை நாள் வெயில் வேண்டும். அதை எரிபொருள் கலத்தில் மறுபடி மின்சாரமாக்கினால் கைக்கு வருவது 17 யூனிற் அளவுதான். அமுக்கி நிரப்பும் செலவு வேறு. அதே மின்சாரத்தை, 52 யூனிற் என்று வைத்து, லிதியம் பற்றரியில் போட்டிருந்தால் 45 வரை திரும்பக் கிடைத்திருக்கும்.

தண்ணீரை மின்பகுத்து வரும் வாயுவை எஞ்சினுக்குள் விடவென்று வாகனத்தில் பூட்டும் 'கிற்' இன்னும் மோசம். 12 வோல்ற்றில் 10 அம்பியர் ஒரு மணி நேரம் எடுத்தால் செலவு 120 வாற்று மணி. ஒரே சோடித் தகடு என்றால் வருவது 0.38 கிராம் ஐதரசன், அதாவது 12.5 வாற்று மணி. மீதி தண்ணீரைச் சுடவைக்கத்தான். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 75 வாற்று மணிவரை ஏறும். அது 8 மில்லிலீற்றர் பெற்றோலுக்குச் சமம். அந்த 120 வாற்று மணியை எஞ்சினும் ஓல்ற்றனேற்றரும் சேர்ந்து உண்டாக்க எரிப்பதோ 100 மில்லிலீற்றருக்குக் கிட்ட. நூறு கொடுத்து எட்டு வாங்குகிற வியாபாரம் இது. பூட்டியபின் மிச்சம் தெரிகிறது என்பவர்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு நிதானமாக ஓடுகிறார்கள். இல்லையென்றால் பூட்டியவர் பெற்றோல் கலவையைக் குறைத்துவிட்டிருப்பார். கலவை அளவுக்கு மிஞ்சிக் குறைந்தால் எஞ்சின் சூடேறி வால்வு கருகும்.

பாடசாலைக் கண்காட்சிக்கு மின்பகுப்பைச் செய்து காட்டுவது நல்ல விசயம். அங்கேயும் வழக்கமான பிழை கறியுப்பு. உப்புத் தண்ணீரில் மின்னோட்டம் விட்டால் நேர்முனையில் குளோரீன் வாயு வரும். எவர்சில்வர் தகடு அரித்துக் கபில நிறச் சேறாகும், அதில் நச்சான குரோமியம் இருக்கக்கூடும். எங்கள் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், எதிர்முனைத் தகட்டில் வெள்ளைப் படிவு ஏறி ஓட்டத்தைக் குறைக்கும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் 1 லீற்றருக்கு 10 கிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்ற காரம் போதும். காரத்தை மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் போடுங்கள், காரத்தின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். இரு வாயுக்களையும் வெவ்வேறு சோதனைக் குழாய்களில் பிடியுங்கள். இரண்டும் கலந்த வாயுவைப் போத்தலில் சேர்த்துவைப்பது வெடியைக் கையில் வைத்திருப்பதுதான்.

சமையல் காஸ் சிலிண்டரில் ஐதரசன் நிரப்பலாமா? அமுக்கத்தில் திரவமாகும் காஸைப் போல ஐதரசன் அறை வெப்பநிலையில் திரவமாகாது. 12.5 கிலோ சிலிண்டரின் உட்கொள்ளளவைச் சுமார் 30 லீற்றர் என்று வைத்தால், 10 பார் அமுக்கத்தில் அதற்குள் நிற்பது 25 கிராம். ஒரு யூனிற்கூடத் தேறாது. சமையல் காஸ் நிரப்பிய சிலிண்டரில் சுமார் 160 யூனிற் உண்டு. கூடுதலாக அடைக்க உயர் அமுக்கத்துக்கென்று செய்த தொட்டி வேண்டும், வாகனங்களில் அது 350 அல்லது 700 பார்.

கசிவு விசயத்தில் காஸ் பழக்கமே ஆளைக் கவிழ்க்கும். காஸ் தரையில் தேங்கும், ஐதரசன் மேலே ஏறிக் கொங்கிறீற் தட்டின் வளைகளுக்கிடையில் நிற்கும். ஆகவே கீழ்க்கதவைத் திறந்து பயனில்லை, காற்றுத் துவாரம் கூரையின் உச்சியில் இருக்க வேண்டும். மணமும் இல்லை, பகலில் சுவாலை கண்ணுக்கும் தெரியாது. காற்றில் 4 முதல் 75 வீதம் வரை எந்தக் கலவையும் தீப்பற்றும். சுவிச்சின் சிறு பொறியே போதும். மூட்டுகளைச் சோப்பு நுரை பூசிப் பாருங்கள்.

இதையெல்லாம் வைத்து ஐதரசன் வெறும் ஏமாற்று என்று முடிப்பதும் தவறு. வெங்காயத்துக்குப் போடும் 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றைச் செய்ய ஏறத்தாழ 5 கிலோ ஐதரசன் செலவாகிறது. உலகில் அது பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. இயற்கை வாயு வழியில் கிலோவுக்கு 9, 10 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். காற்றாலை மின்சாரத்தால் அதை மாற்றினால் பெரிய காரியம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவின் மின்சாரத்துக்குத் திட்டமிட்டிருப்பதோ சோலர், காற்றாலை, பற்றரி, துணைக்கு டீசல். பகல் வெயிலை இரவுக்குக் கொண்டுபோவது பற்றரியின் வேலை. கார்த்திகை மழையில் நாட்கணக்காக வெயில் மங்கி, காற்றும் ஓய்ந்தால் டீசலுக்கு வேலை. ஐதரசன் டீசலோடு போட்டியிட வேண்டியது அந்தச் சில நாட்களுக்கு.