புது போன் வாங்கியாச்சா? பழையதை ஒரு வாரம் கையிலேயே வைத்திருங்கள்

போன மாதம் அம்மாவுக்கு முதல் டச் போன் வாங்கினோம். அதுவரை அவர் கையில் இருந்தது பட்டன் போன். அதிலிருந்த நம்பர்களைப் புதியதற்கு மாற்ற எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. சார்ஜர் தேடி இழுப்பறையைத் திறந்தபோது என் பழைய போன்கள் மூன்றும் வரிசையாகக் கிடந்தன. எதை எப்படி மாற்றினேன், எங்கே கோட்டைவிட்டேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முதல் தடவை போன் மாற்றுபவர்களுக்கு உதவட்டும் என்று அதை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: கடையிலேயே ஐஎம்இஐ பாருங்கள்

போனை ஆன் செய்து *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ, அதாவது அந்த போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் வரும். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண். பெட்டியிலும் பில்லிலும் அதே எண்தான் இருக்க வேண்டும். செகண்ட் ஹாண்ட் போன் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்று மூன்று எழுத்தும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணும் டைப் செய்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அது எந்த மாடல், முடக்கப்பட்ட போனா என்று பதில் வரும். அந்தப் பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். போன் தொலைந்தால் புகார் கொடுக்க அந்த எண் வேண்டும்.

படி 2: நம்பர்கள் எங்கே இருக்கின்றன?

இதில்தான் நான் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் போன் நோக்கியா 1100. 2003-ல் வந்த மாடல், தலையில் டார்ச், தூசி போகாத ரப்பர் கீபேட். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. வீட்டில் கரண்ட் போனால் முதலில் தேடுவது அதைத்தான். அந்தக் காலத்து போனில் நம்பரை இரண்டு இடத்தில் வைக்கலாம், சிம்மில் அல்லது போன் மெமரியில். சிம்மில் பெரும்பாலும் 250 பெயர் வரைதான் நிற்கும், நீளமான பெயர் பாதியில் அறுந்துபோகும். அதனால் நான் முக்கியமானவர்களை எல்லாம் போன் மெமரியில் வைத்தேன். அப்புறம் ஒரு நாள் எக்சேஞ்ச் கவுண்டரில், சிம்மை மட்டும் உருவிக்கொண்டு போனைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து புது போனில் பார்த்தால் பால்காரர் இருக்கிறார், கேஸ் ஏஜென்சி இருக்கிறது, கல்லூரி நண்பர்களில் பாதிப்பேர் இல்லை. அவர்களில் சிலரை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே பட்டன் போனிலிருந்து மாறுபவர்கள் சிம்மைக் கழற்றும் முன்பே போன்புக்கைத் திறந்து, காப்பி என்ற இடத்துக்குப் போய், ‘போனிலிருந்து சிம்முக்கு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிம் நிறைந்துவிட்டால் மிச்சத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்கமே வேண்டாம், அம்மாவுக்கு நான் அப்படித்தான் செய்தேன். அம்மா பெயரைப் படித்து யாருக்கும் போன் செய்வதில்லை, ‘மேலிருந்து மூணாவது சித்தி’ என்பதுதான் அவர் கணக்கு. சித்தி பெயரை மேலே கொண்டுவர, அதன் முன்னால் அப்பா இரண்டு ‘ஏ’ போட்டிருந்தார். அந்த இரண்டு ‘ஏ’யையும் புது போனில் அப்படியே விட்டுவிட்டேன்.

சிம் புது போனில் ஏறியதும் காண்டாக்ட்ஸ் செயலியின் செட்டிங்ஸில் இம்போர்ட் என்று இருக்கும். அதில் சிம் கார்டைத் தொட்டு, சேமிக்கும் இடமாக உங்கள் கூகுள் கணக்கைக் கொடுங்கள். அதன்பின் எத்தனை போன் மாற்றினாலும் நம்பர்கள் கணக்கோடு வந்துவிடும். ஏற்கெனவே ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள், எல்லாம் கூகுள் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 3: சிம்மை வெட்டாதீர்கள்

பழைய பெரிய சிம் இப்போதைய நேனோ சிம் துளையில் நுழையாது. கட்டர் வைத்து வெட்டித் தருவார்கள்தான். ஆனால் ரொம்பப் பழைய சிம்மில் தங்க நிறத் தகடே பெரிது, வெட்டுப் பட்டால் போச்சு. ஆதாரை எடுத்துப் போய் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்குவதே மேல். இதில் இரண்டு விஷயம்: புது சிம் காலியாக வரும், அதனால் பழைய சிம்மைத் தூக்கி எறியாதீர்கள். நெட்வொர்க் போனாலும் அதிலிருக்கும் நம்பர்களைப் பட்டன் போனில் போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, ஓடிபியும்தான். நாளைக்கு ரயில் டிக்கெட் போட வேண்டும் என்றால் இன்றைக்கு சிம் மாற்றாதீர்கள்.

படி 4: வாட்ஸ்அப்

இரண்டும் ஆண்ட்ராய்டு என்றால் சுலபம். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து வைஃபையையும் லொகேஷனையும் ஆன் செய்யுங்கள். புது போனில் வாட்ஸ்அப் போட்டு நம்பரை உறுதி செய்ததும், பழைய போனிலிருந்து மாற்றவா என்று கேட்டு ஒரு கியூஆர் காட்டும். பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் என்று போய் அதை ஸ்கேன் செய்யுங்கள். முடியும்வரை இரண்டையும் சார்ஜில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

கூகுள் டிரைவ் பேக்கப் வழியாக எடுப்பவர்கள் கவனிக்க: ‘ரீஸ்டோர்’ என்று ஒரே ஒரு தடவைதான் கேட்கும். அவசரத்தில் ‘ஸ்கிப்’ தட்டிவிட்டால் செயலியை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

படி 5: படங்களும் பணமும்

படங்களுக்கு மெமரி கார்டோ கேபிளோ போதும். கூகுள் போட்டோஸ் என்றால் இலவசமாக 15 ஜிபிதான், மெயிலும் அதற்குள்ளேதான் அடக்கம்.

ஜிபே, போன்பே போன்ற யுபிஐ செயலிகளுக்கு, வங்கியில் பதிவான சிம் புது போனுக்குள் இருக்க வேண்டும். செயலி தானாக ஓர் எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கும், அதனால் ரீசார்ஜ் தீர்ந்த சிம்மில் வேலை நடக்காது. முதல் 24 மணி நேரம் பொதுவாக 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப விடும். யுபிஐ பின் (PIN) எண் பழையதேதான். போனில் கூப்பிட்டு யாராவது பின் கேட்டால் வைத்துவிடுங்கள்.

படி 6: ஒரு வாரம் கழித்து

ஒரு வாரம் இரண்டு போனும் வீட்டில் இருக்கட்டும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அந்த ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். அதன்பின் பழைய ஸ்மார்ட்போனில் முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள், பிறகு ஃபேக்டரி ரீசெட். வரிசை மாறினால், வாங்குகிறவர் ஆன் செய்யும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கலாம். மெமரி கார்டு உள்ளேயே இருந்துவிடப் போகிறது, எடுத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

என் இழுப்பறையிலிருந்த மூன்றையும் அப்படித்தான் அனுப்பினேன். ஒன்றின் பேட்டரியைக் கழற்றினால் ‘மேட் இன் இந்தியா’ என்று இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை ஓடிய காலத்தில் வாங்கியது. அதைக் கொடுக்கத்தான் கொஞ்சம் தயங்கினேன்.

நாலாவதாக மிஞ்சியது அம்மாவின் பட்டன் போன். அதன் பிஎல்-5சி பேட்டரி இன்னும் நன்றாக இருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் அதை அம்மா கழற்றி, சமையலறை எஃப்எம் ரேடியோவில் போட்டிருந்தார்.