மலைச்சரிவு வீட்டுக்குச் செடி வளரும் தடுப்புச்சுவர்: முதல்முறை கட்டுகிறவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி பக்கம் சரிவில் மனை வாங்கியவர்கள் பலரும் முதலில் கேட்பது “சுவர் எவ்வளவு கனமாகக் கட்டணும்?” என்றுதான். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டியது, சுவருக்குப் பின்னால் வரும் மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்பது. தண்ணீர் மட்டும் எவ்வளவு தள்ளும் என்று பாருங்கள். 1 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிறைந்து நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 500 கிலோ தள்ளுகிறது. உயரத்தை 2 மீட்டர் ஆக்கினால் அது இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகி 2,000 கிலோவுக்குப் போய்விடுகிறது. ஈரமண்ணின் சுமை இதற்கு மேல்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையில், தண்ணீர் போக வழியில்லாத வழுவழு கான்கிரீட் சுவரை நம்பி எனக்குத் தூக்கம் வராது.

இங்கே சொல்லப்போவது சிமென்ட் இல்லாமல் கல்லை அடுக்கி, இடுக்குகளில் செடி வைக்கும் சுவர். அளவு: வெளியே தெரியும் உயரம் 1 மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். சுவருக்கு மேலே கார் நிறுத்துவதாக இருந்தாலோ, தண்ணீர்த் தொட்டி வைப்பதாக இருந்தாலோ (1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன்), வீட்டு அஸ்திவாரம் பக்கத்தில் இருந்தாலோ, மண்ணில் ஊற்று கசிந்தாலோ, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மண் பரிசோதனை தெரிந்த சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். நீலகிரியில் பொக்லைன் இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்குவது

ஜனவரி முதல் மார்ச் வரை. குன்னூர், கோத்தகிரி இருக்கும் கிழக்குச் சரிவை வடகிழக்குப் பருவமழைதான் அதிகம் பதம் பார்க்கும். 2009-இல் 40 பேருக்கு மேல் பலிவாங்கிய மண்சரிவுகள் நடந்ததும் நவம்பரில்தான். அக்டோபரில் மண்ணை வெட்டிப் போட்டுவிட்டு “மேஸ்திரி தீபாவளி முடிஞ்சு வரேன்னார்” என்று உட்கார்ந்திருக்கிற வேலை வேண்டாம்.

வெட்டுவது, அடிக்கல்

மொத்த நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்டாதீர்கள். 2 அல்லது 3 மீட்டர் வெட்டி, அங்கே சுவரை ஏற்றிவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் வெட்டிய மண் சும்மா நிற்கும் நாட்கள் குறையும்.

கடப்பாரை சுலபமாக இறங்காத கெட்டி மண் வரும்வரை, குறைந்தது 25 செ.மீ. ஆழத்துக்கு, 60 செ.மீ. அகலத்தில் வாய்க்கால் தோண்டுங்கள். அடிமட்டம் மலைப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். திமிசுக்கட்டையால் நன்றாக இடித்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய கற்களை இங்கே போடுங்கள். 10 மீட்டர் நீளச் சுவருக்கு மொத்தம் சுமார் 6 கன மீட்டர் கல் பிடிக்கும், லோடு கணக்கில் 2 யூனிட்டுக்குச் (ஒரு யூனிட் 100 கன அடி) சற்று மேலே.

அடுக்குவது, செடி வைப்பது

இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும். ஏனென்றால் சுவரை முடித்துவிட்டு அப்புறம் இடுக்கில் செடியைத் திணித்தால் பாதிக்கு மேல் காய்ந்துவிடும்.

ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 15 செ.மீ. போல சுவரின் முகம் மலைப்பக்கம் சாய வேண்டும். இரண்டு குச்சி நட்டு அந்தச் சாய்வில் நூல் கட்டிக்கொள்ளுங்கள், கண்மட்டத்தை நம்பவேண்டாம். கீழ்வரிசை இணைப்பின் மேல் மேல்வரிசைக் கல் உட்கார வேண்டும். மீட்டருக்கு ஒன்றாவது சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் கல்லாக இருக்கட்டும். ஆடுகிற கல்லுக்குப் பின்பக்கத்திலிருந்து சில்லு வைத்து இறுக்குங்கள். முன்பக்கம் வைத்த சில்லு ஒருநாள் கழன்று விழும்.

செடி வைக்கும் இடத்தில் இரண்டு கற்களுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அதன் பின்வாயில் ஒரு பிடி தேங்காய் நாரை அடைத்து, தோட்டமண் இரண்டு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பி, செடியைப் படுக்கவைத்து வேரைப் பின்பக்கமாக விரித்துவிட்டு, மேலே இன்னும் கொஞ்சம் மண் போட்டு அழுத்தி, அதற்குப் பிறகுதான் அடுத்த கல்லை ஏற்ற வேண்டும். நார் எதற்கு? சுவருக்குப் பின்னால் ஜல்லி போடப்போகிறோம், நார் இல்லாவிட்டால் முதல் மழையிலேயே மண் ஜல்லிக்குள் இறங்கி செடி வெறும் வேரோடு தொங்கும். இடுக்கு உள்பக்கம் சரிந்திருந்தால் மழைத்தண்ணீர் தானாக வேருக்குப் போகும்.

சுவர் ஏற ஏற, பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு 40 மி.மீ. ஜல்லியும் கூடவே ஏறட்டும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுப்பது). ஜல்லிக்கு அடியில், ஓட்டை போட்ட 4 அங்குல பிவிசி பைப், 10 மீட்டருக்கு 10 செ.மீ. சரிவில். பைப்பின் வாய் உங்கள் மனையின் வடிகாலில் முடியட்டும், பக்கத்து வீட்டுக்காரர் தலையில் வேண்டாம்.

என்ன செடி

வெயில் முகத்துக்கு ரோஸ்மேரி, தைம், ஜெரேனியம். நிழல் முகத்துக்குப் பெரணி. அது நீங்கள் வைக்காவிட்டாலும் வரும். சுவரின் உச்சியில், விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி வெட்டிவேர் வரிசை: இரண்டு மூன்று தூர் சேர்ந்த நாற்று, தாள் 20 செ.மீ. விட்டு வெட்டி, 15 செ.மீ. இடைவெளியில். நல்ல மண்ணில் அதன் வேர் 3 மீட்டர் வரை நேராக இறங்கும். ஆனால் உறைபனி கொட்டும் ஊட்டிப் பள்ளங்களில் வெட்டிவேர் சோர்ந்துவிடும், அங்கே உள்ளூர்ப் புல்லே மேல். இந்த உச்சி நடவை ஏப்ரல், மே கோடைமழையோடு சேர்த்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். அதற்கு முன்பே சுவரோடு வைத்த செடிகளுக்கு மட்டும் மழை வரும்வரை மாலையில் தண்ணீர் தெளியுங்கள்.

உண்ணிச்செடி, வாட்டில், தைலமரம் மூன்றும் கிட்டவே வேண்டாம். மரம் தடித்தால் கல்லைப் பிளக்கும், காற்றில் ஆடினால் சுவரையே நெம்பும்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரோஸ்மேரியோ பெரணியோ இந்தச் சுவரைத் தாங்கவில்லை. தாங்குவது கல்லின் எடையும் பின்னால் இருக்கும் ஜல்லியும்தான். செடி செய்வது இடுக்கு மண்ணை மழை அரிக்காமல் பிடிப்பது, உச்சி மண்ணைக் கட்டுவது, வெயிலில் கல் காய்வதைக் குறைப்பது, பார்க்க அழகாக இருப்பது. “செடிச்சுவர்” என்று பெயர் வைத்துக்கொண்டு ஜல்லியில் கைவைத்து மிச்சம் பிடிக்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

இன்னும் உயரம் வேண்டுமென்றால்

ஒரே சுவரை ஏற்றாமல் இரண்டு படியாகக் கட்டலாம். கீழ்ச்சுவர் 1 மீட்டர் என்றால் மேல்சுவர் குறைந்தது 2 மீட்டர் பின்னால் போக வேண்டும், இல்லையேல் மேலதன் சுமை கீழதில் இறங்கும். இரண்டடுக்குக்கும் ஒருமுறை இன்ஜினியரிடம் காட்டிவிடுவது நல்லது.

முதல் மழைக்காலம்

பலத்த மழை பெய்த மறுநாள் பைப் வாயைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் சரி. கலங்கலாகவே தொடர்ந்து வந்தால் துணி எங்கோ கிழிந்திருக்கிறது. மேலே மண் ஈரமாக இருந்தும் பைப்பில் எதுவுமே வரவில்லையென்றால் அடைப்பு, ஒரு நீளக் கம்பியை விட்டுப் பாருங்கள். சுவரின் நடுவில் வயிறு தள்ளினாலோ, உச்சி மண்ணில் சுவருக்கு இணையாக விரிசல் ஓடினாலோ, கீழே யாரையும் நிற்கவிடாமல் அன்றைக்கே இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். விரிசலுக்குள் தண்ணீர் இறங்காமல் அதுவரை தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள்.